பரிசு ஜாடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பண்டிகைக்கு வீட்டிலேயே செய்த ஜாம், ஆரஞ்சுத் தோலோடு செய்யும் மார்மலேட், வினிகர் ஊறுகாய் ஆகியவற்றைப் பரிசாகக் கொடுக்க விரும்பும் வாசகர்களிடமிருந்து இம்முறை ஏராளமான கடிதங்கள் வந்திருந்தன. செய்முறை கேட்டவர்களைவிட, செய்ததைத் துணிந்து அடுத்தவர் கையில் கொடுக்கலாமா என்று கேட்டவர்களே அதிகம். அந்தத் தயக்கம் நியாயமானது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஜாடியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கெட்டால் தூக்கி எறிகிறோம். கொடுத்துவிட்ட ஜாடியோ எங்கே வைக்கப்படுகிறது, எப்போது திறக்கப்படுகிறது, யார் சாப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, வீட்டுத் தேவைக்குச் செய்பவர்களுக்குச் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலான கண்டிப்பு கீழுள்ள பதில்களில் இருக்கும்.

கேள்வி: முதன்முறையாகச் செய்யப் போகிறேன். பரிசாகக் கொடுக்க எது ஏற்றது? எத்தனை நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

பதில்: புளிப்புள்ள பழத்தில் தொடங்குங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, புளிப்பு ஆப்பிள் ஆகியவை புதியவர்களைக் கைவிடுவதில்லை. அவற்றில் அமிலமும் உண்டு, ஜாமை இறுகச் செய்யும் பெக்டினும் உண்டு. முறையாகக் கொதிநீரில் வைத்து மூடப்பட்ட ஜாம், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வரை சுவை குன்றாமல் இருக்கும் என்பதால் பழம் மலிந்திருக்கும் பருவத்திலேயே செய்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு இல்லை. ஸ்ட்ராபெரி ஜாமின் சிவப்பு, மாதங்கள் செல்லச் செல்லப் பழுப்பேறும். அதைப் பண்டிகைக்கு நெருக்கத்தில் செய்வதே அழகு. வினிகரில் ஊறும் காய்களுக்கு நேர்மாறான இயல்பு: காரமும் புளிப்பும் உள்ளே இறங்க மூன்று, நான்கு வாரங்களாவது வேண்டும் என்பதால் அவற்றை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். முட்டையும் வெண்ணெயும் சேரும் எலுமிச்சை கர்ட் என்ற இனிப்புக் கூழ் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருந்தாக வேண்டும். அதைத் தூரத்திலிருப்பவருக்குப் பரிசாக அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு கொதிக்க வைத்தாலும் என் ஜாம் இறுகுவதே இல்லை. ஒருமுறை தண்ணீராக இருக்கிறது, மறுமுறை கரண்டி இறங்காத கட்டியாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: ஜாம் இறுகுவது தண்ணீர் வற்றுவதால் மட்டும் நிகழ்வதன்று. பழத்தின் செல்சுவர்களில் இருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருளின் நீண்ட இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோலப் பின்னி, அந்த வலைக்குள் சாற்றைச் சிறைப்பிடிக்கும்போதுதான் ஜாம் உருவாகிறது. இயல்பாக அந்த இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அமிலம் சேரும்போது அந்த விலக்கம் குறைகிறது. சர்க்கரை, இழைகளைச் சூழ்ந்திருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றும் உரிய அளவில் கூடினால்தான் வலை விழும். கலவையின் அமிலத்தன்மை பிஎச் 3 அளவை ஒட்டியும் (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவுகோல்; புளிப்பு கூடக்கூட இந்த எண் குறையும்), கரைந்திருக்கும் திடப்பொருள் ஏறத்தாழ 65 விழுக்காடும் இருக்கும்போது இது நன்றாக நிகழ்கிறது.

எல்லாப் பழங்களிலும் பெக்டின் ஒரே அளவில் இல்லை. புளிப்பு ஆப்பிள், கொய்யா, சீமை மாதுளை எனப்படும் குயின்ஸ், ஆரஞ்சு வகைகளின் தோலும் விதையும் ஆகியவற்றில் அது நிறைந்திருக்கிறது. மார்மலேட் என்ற பெயரே குயின்ஸ் பழத்தைக் குறிக்கும் ‘மார்மெலோ’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆரஞ்சு அந்தப் பெயரைப் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ராபெரி, பீச், பேரி, செர்ரி ஆகியவற்றில் பெக்டின் குறைவு. மேலும், பழம் கனியக் கனியப் பெக்டின் சிதைந்துகொண்டே போகும். அளவுக்கு மீறிக் கனிந்ததை வீணாக்கக் கூடாது என்று ஜாமுக்கு ஒதுக்கும் பழக்கம்தான் பல தோல்விகளுக்குக் காரணம். நான்கில் ஒரு பங்கு, முழுதாகக் கனியாத பழத்தைச் சேர்த்துப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றை அளந்து ஊற்றுங்கள். ஆரஞ்சு விதைகளை மெல்லிய துணியில் முடிந்து கொதிக்கும் பழத்தோடு போட்டு, பின்னர் பிழிந்து எடுங்கள்.

பதம் பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 முதல் 5 பாகை செல்சியஸ் கூடுதலாக, அதாவது கடல்மட்டத்தில் 104 அல்லது 105 பாகைக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. உயரம் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை, 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் குறைவதால், மலைப்பகுதியில் இருப்பவர்கள் முதலில் வெறுந்தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியில் அளந்துகொள்வது நல்லது. மற்றொன்று தட்டுச் சோதனை: உறைபெட்டியில் குளிர வைத்த தட்டில் ஒரு துளி ஜாமை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேல்பரப்பு சுருங்கி மடிய வேண்டும். சோதிக்கும் அந்த ஒரு நிமிடம் அடுப்பை அணைத்து வையுங்கள். உங்கள் ஜாம் கட்டியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாத்திரத்தில் பதம் தாண்டிவிடுகிறது. சூடாக இருக்கையில் இளகலாகத் தெரிவதைக் கண்டு ஏமாறாதீர்கள். முழு இறுக்கம் வர ஒரு நாள்கூட ஆகலாம்.

அளவை இரட்டிப்பாக்கவும் கூடாது. பரிசுக்குப் பல ஜாடிகள் வேண்டுமே என்று ஒரு பண்டிகைக்கு நான் இரண்டு மடங்கு பழத்தை ஒரே பாத்திரத்தில் ஏற்றினேன். அது கொதித்து வற்றவே வெகுநேரம் பிடித்தது. நீண்ட கொதிப்பில் பெக்டின் இழைகள் அறுந்துபோக, கிடைத்தது பன்னிரண்டு ஜாடி இனிப்புத் தண்ணீர். ‘பழப்பாகு’ என்று சீட்டு ஒட்டிக் கொடுத்துச் சமாளித்தேன், பாராட்டுக்கூட வந்தது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து, அகன்ற பாத்திரத்தில் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ பழத்துக்குமேல் நான் போடுவதில்லை.

கேள்வி: பரிசு பெறப் போகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடலாமா? செயற்கை இனிப்பு சேர்க்கலாமா?

பதில்: சர்க்கரை வெறும் இனிப்புக்காகச் சேர்க்கப்படுவதில்லை. இறுகுவதில் அதற்குள்ள பங்கை மேலே சொன்னேன். காவல் பங்கு அதைவிடப் பெரியது. நுண்ணுயிர்கள் வளர்வதற்குத் தேவையான நீரை அது கட்டிவைத்துவிடுகிறது. பாதியாகக் குறைத்தால் ஜாம் இறுகாது, திறந்தபின் விரைவில் பூஞ்சையும் பிடிக்கும். செயற்கை இனிப்புகள் நாக்கை ஏமாற்றுமே தவிர, நீரைக் கட்டிவைக்க மாட்டா.

குறைந்த சர்க்கரையில் இறுகுவதற்கென்றே தனிவகைப் பெக்டின் விற்கப்படுகிறது. அது சர்க்கரைக்குப் பதிலாகக் கால்சியத்தின் துணையால் வலை பின்னும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளை மாற்றாமல் பயன்படுத்துங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், குறைந்த சர்க்கரையில் கிளறிய பழக்கூழை உறைபெட்டியில் வைத்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கையோடு கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை சேர்க்காவிட்டாலும் பழத்தில் சர்க்கரை உண்டு. ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று எழுதி ஒட்டும் உரிமை நமக்கில்லை. அவர்களுக்கு வினிகரில் ஊறிய காய்கள் இன்னும் பொருத்தமான பரிசாகலாம். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும் என்கிறார்கள். கொதிநீரில் ஜாடியை வைப்பதெல்லாம் தேவைதானா?

பதில்: தேவைதான். கவிழ்த்து வைத்தால் சூடான ஜாம் மூடியைத் தொட்டுச் சில கிருமிகளைக் கொல்லலாம், மூடி உள்வாங்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பிடிப்பு வலுவில்லாதது. கொண்டுபோகும் வழியில் குலுங்கினால் விட்டுவிடக்கூடும். ஜாடியின் தலைப்பகுதியில் தங்கிய காற்றும் வெளியேறாது.

முறை இதுதான். ஜாடிகளைச் சோப்பு நீரில் கழுவி, நிரப்பும்வரை சூடாகவே வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் விரிசல் விடும். ஜாம் என்றால் வாயிலிருந்து 6 மில்லிமீட்டர், வினிகர் ஊறுகாய் என்றால் 12 மில்லிமீட்டர் இடம் விட்டு நிரப்புங்கள். விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சிறு பிசுக்குகூட மூடியின் பிடிப்பைக் கெடுத்துவிடும். புதிய மூடியைப் போட்டு விரல்நுனி வலுவுக்கு மட்டும் திருகி, ஜாடிகளின் தலைக்குமேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் ஆழமான பாத்திரத்தில் இறக்குங்கள். அடியில் ஒரு கம்பித்தட்டு இருக்கட்டும். நன்கு கொதிக்கத் தொடங்கியபின் 250 மில்லிலிட்டர் ஜாடியில் உள்ள வழக்கமான ஜாமுக்கு 10 நிமிடம் போதும். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் 5 நிமிடமும், 1,800 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மேலும் 5 நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்கு நேரம் காயைப் பொறுத்து மாறும் என்பதால், சோதித்துப் பதிப்பிக்கப்பட்ட குறிப்பில் உள்ள நேரத்தையே பின்பற்றுங்கள்.

எடுத்த ஜாடிகளைத் துணிமேல் நிமிர்த்தி வைத்து ஒருநாள் அசைக்காமல் விட்டுவிட்டால், ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி மூடியின் நடுப்பகுதி ‘டக்’ என்ற ஒலியோடு உள்ளே இழுபடும். சமையலறையில் நான் மிகவும் விரும்பிக் கேட்கும் ஒலி அது. மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்துங்கள். மேலும் கீழும் ஆடினால் அந்த ஜாடி பரிசுக்கு உரியதன்று, உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு உரியது.

இந்த முறைக்கு வழிவகுத்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு இனிப்புத் தயாரிப்பாளர். கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, மூடி, கொதிநீரில் வைக்கும் வழியைக் கண்டதற்காக, அதை நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் அளித்தது. நூல் 1810இல் வெளிவந்தது. ஏன் உணவு கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்க அதன்பின் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கேள்வி: பூண்டும் மிளகாயும் எண்ணெயில் ஊறிய அழகான புட்டிகளைப் படங்களில் பார்த்தேன். காளானையும் அப்படியே செய்து பரிசளிக்க ஆசை. எத்தனை மாதம் தாங்கும்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்தப் பகுதியில் நான் ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்வது இந்த ஒன்றைத்தான்.

மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள், மண்ணோடு உறவுள்ள பூண்டு, காளான் போன்றவற்றில் ஒட்டியிருக்கலாம். காற்றும் அமிலமும் இல்லாத ஈரமான இடம் கிடைத்தால் அது வளர்ந்து, மிகக் கொடிய நஞ்சைச் சுரக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு அதற்குத் தேடிக் கொடுத்த வீடு. கொதிநீரின் 100 பாகையில் அந்த வித்துகள் சாவதில்லை. அவற்றை அழிக்க அழுத்தத்தில் எட்டும் 121 பாகை தேவை. அதற்கெனத் தனிக் கலன்களும் சோதித்தறிந்த நேரக் கணக்கும் உண்டு. அன்றாடச் சமையலுக்கான பிரஷர் குக்கரை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. பிஎச் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த நுண்ணுயிரி வளர முடியாது. ஜாமும் வினிகர் ஊறுகாயும் வெறும் கொதிநீரில் வைத்தாலே பாதுகாப்பாக இருப்பதன் காரணம் அந்த ஒரு எண்தான். நஞ்சு கலந்த உணவில் மணமோ சுவையோ நிறமோ மாறாமலே இருக்கலாம் என்பதும், பார்வை இரட்டையாதல், இமை சரிதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று வந்து மூச்சுத்தசைகள் வரை செயலிழக்கும் என்பதும் தெரிந்தபின் அந்தப் புட்டி எனக்கு அழகாகத் தெரிவதில்லை.

பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் சிறிதளவு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள். பரிசுக்கு அதே பூண்டையும் மூலிகையையும் 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகரில் ஊற வைக்கலாம்; புட்டியின் அழகு குறையாது. தக்காளி, அத்தி, மாம்பழம், வாழைப்பழம் போன்றவை அந்த 4.6 என்ற எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருப்பதால், குறிப்பில் சொல்லியிருக்கும் அமிலத்தைக் குறைக்கவே கூடாது. ஒரு லிட்டர் தக்காளிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் என்பது கணக்கு. இதற்கு மட்டும் நான் புட்டியில் விற்கும் சாற்றையே வாங்குகிறேன். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டியில் உள்ளதன் அமிலம் ஒரே அளவாக இருக்கும்.

கேள்வி: ஒரு ஜாடியில் மட்டும் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. அதை வழித்துவிட்டு மீண்டும் காய்ச்சிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. அதன் இழைகளும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சும் கீழே இறங்கியிருக்கலாம், காய்ச்சினாலும் அந்த நச்சுகள் முழுதாகப் போவதில்லை. அந்த ஜாடி குப்பைக்கு. மற்ற ஜாடிகளின் மூடிகளை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய ஜாமின் காலி ஜாடிகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: கண்ணாடி பழுதில்லை, மூடிதான் சிக்கல். அதன் உள்விளிம்பிலுள்ள ரப்பர்போன்ற பூச்சு ஒருமுறை அழுந்தியபின் மறுமுறை அதே பிடிப்பைத் தருவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீரப்போகிற பண்டத்துக்கும், உலர்ந்த பொருள்களுக்கும் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு ஜாடிக்குப் புதிய மூடி என்பதில் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: சீட்டில் என்னவெல்லாம் எழுத வேண்டும்? விமானத்தில் எடுத்துச் செல்ல முடியுமா?

பதில்: ரிப்பனைவிடச் சீட்டு முக்கியம். பண்டத்தின் பெயர், செய்த தேதி, சேர்ந்த பொருள்கள் அனைத்தும், ‘திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்ற வரி ஆகியவை இருந்தாக வேண்டும். பாதாம், முந்திரி, எள், கடுகு போன்றவை ஒரு சிட்டிகை சேர்ந்திருந்தாலும் தனித்து எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிட்டிகையே போதும். தேன் சேர்ந்திருந்தால், ஓராண்டு நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். மேலே சொன்ன வித்துகள் தேனில் இருக்கக்கூடும். கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்துவிடும்.

விமானப் பாதுகாப்புச் சோதனையில் ஜாம் திரவமாகவே கருதப்படும். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட ஜாடியை அனுமதிப்பதில்லை என்பதால், பெட்டியில் துணிகளுக்கு நடுவே, ஜாடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். எல்லை தாண்டுவதாக இருந்தால், உணவுப் பொருள்களுக்கு அந்த நாட்டில் உள்ள விதிகளை முன்பே பார்த்துக்கொண்டு, கேட்கும் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு ஜாடி பரிசாக வந்திருக்கிறது. சீட்டு இல்லை, என்னவென்றும் தெரியவில்லை. கொடுத்தவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

பதில்: ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஆசையோடு செய்தவர் எவரும் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீளமாகவே பதில் சொல்வார். அந்தப் பதிலிலேயே பழமா காயா, வினிகர் சேர்ந்ததா, கொதிநீரில் வைத்தாரா, எப்போது செய்தார் என்பதெல்லாம் வந்துவிடும். பழ ஜாமோ வினிகர் ஊறுகாயோ என்று தெரிந்து, மூடி உள்வாங்கியிருந்து, திறக்கும்போது காற்றுப் பிடிப்பு விடுபடும் ஒலியும் கேட்டால் தாராளமாகச் சாப்பிடலாம். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் நுரைத்துப் பொங்கினாலோ, எண்ணெயில் மூழ்கிய காயாக இருந்து வெளியில் வைக்கப்பட்டிருந்தாலோ, நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காமல், குழந்தைகளும் விலங்குகளும் எடுக்க முடியாதபடி பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொடுத்தவருக்கு நன்றி சொல்லும்போது ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். அடுத்த பண்டிகைக்கு அவருக்கு அது தேவைப்படும். அப்போது பூண்டுப் பேச்சையும் மெல்ல எடுக்கலாம்.